பிடித்த மீனை விடுவதா, வீட்டுக்குக் கொண்டுவருவதா?

நமது சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். அவர் விடுமுறை நாட்களில் ஆற்றங்கரையில் தூண்டில் போடும் பழக்கமுள்ளவர். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன், பெரிய மீன் கிடைத்தால் அதை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்று வாதாடுகிறானாம். "உண்பதற்காகப் பிடித்த மீனை விடச் சொல்வது நியாயமா? விடுவதாயிருந்தால் பிடிப்பானேன்?" என்பவை அவருடைய கேள்விகள்.

இரண்டும் நல்ல கேள்விகளே. மைசூரில் குடியிருக்கும் நாம் இவற்றுக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உலகத்துத் தூண்டிற்காரர்கள் எல்லாரும் பெயர் சொல்லிப் பேசும் ஒரு மீனின் வரலாறு நமது காவிரியிலும் கபினியிலுமே நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை ஒழுங்காகச் சொன்னால் விடை தானே வெளிப்படும். நாம் மீனியல் கற்றவர் அல்லோம்; ரயில்வேயில் கணக்கு எழுதிப் பிழைப்பவர். ஆயினும் இந்த வரலாற்றின் முடிச்சு ஒரு பதிவேட்டில்தான் அவிழ்கிறது. ஆகவே அதைப் பற்றிப் பேச நமக்கும் சிறிது பாத்தியதை உண்டென்று கருதுகிறோம்.

காவிரியின் பெருமீன்

மஹசீர் என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மீன். நம் வீடுகளில் குழம்பாகும் சிறு கெண்டைக்கு அது பெரியப்பன் முறை என்று சொல்லலாம். உள்ளங்கையை நிரப்பும் பெரிய செதில்களும், தடித்த உதடுகளும், வாயோரத்தில் மீசைகளும் உடையது. வேகமாக ஓடும் தெளிந்த நீரில், பாறைகளுக்கும் ஆழமான மடுக்களுக்கும் இடையே வாழ்வது. இமயத்தின் அடிவாரத்து ஆறுகளில் பொன் மஹசீர் உண்டு. கிருஷ்ணா நதியும் அதன் கிளைகளும் பாயும் பகுதிக்கு நீலத்துடுப்பு மஹசீர் உரியது. காவிரிக்கும் அதன் உபநதிகளுக்கும் மட்டுமே உரியது திமில் மஹசீர். தலைக்குப் பின்னால் முதுகு காளையின் திமில்போல் மேடிட்டிருப்பதால் அதற்கு அப்பெயர். மஹசீர் இனங்களில் மிகப் பெரிதாக வளர்வனவற்றுள் இதுவும் ஒன்று.

நண்டு, நத்தை, சிறுமீன், கரையோர மரங்களிலிருந்து விழும் பழம் ஆகிய எல்லாம் இதற்கு உணவு. காவிரிக்கரைத் தூண்டிற்காரர்கள் ராகி மாவைப் பிசைந்து வேகவைத்து, உருண்டையாக்கி, முள்ளில் கோத்து எறிவார்கள். மைசூர்ச் சீமையில் மனிதருக்கு வலிமை தரும் களியே மீனுக்கும் பிடித்தமாயிருப்பது வேடிக்கைதான். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது இம்மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச் சென்று, சரளைக்கல் நிறைந்த படுகைகளில் முட்டையிடும். கட்லா, ரோகு போன்ற மீன்கள் இடுவதுபோல் லட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. வளர்ச்சியும் மெதுவானது. ஒரு பெரிய மஹசீரைக் கொன்றால் அதன் இடத்தை இன்னொன்று நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தராசில் தொங்கிய காலம்

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த எச். எஸ். தாமஸ் என்பவர், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பிறகு மஹசீரைத் தேடி வரும் துரைமார் பெருகினர். 1906இல் மர்ரே ஐன்ஸ்லி என்பவர் 104 ராத்தல் எடையுள்ள மஹசீரைப் பிடித்தார். 1919இல் ரிவெட் கார்னாக் என்ற ராணுவ அதிகாரி 119 ராத்தல் மீன் ஒன்றைப் பிடித்தார். இரண்டும் காவிரி நீர்ப்பகுதியைச் சேர்ந்தவை.

இவற்றையெல்லாம் மிஞ்சியவர் நமது ஊர்க்காரர். மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்த மூத்தவர்கள் வான் இங்கன் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். மன்னர்களும் ஜமீன்தார்களும் வேட்டையாடிக் கொன்ற புலி, சிறுத்தைகளின் தோலைப் பதம்செய்து, உயிருள்ளவை போலவே நிறுத்திக் கொடுக்கும் தொழிற்கூடத்தை இந்நகரில் நடத்திய குடும்பம் அது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜே. டி வெட் வான் இங்கன் 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் பிடித்த மஹசீர் 120 ராத்தல் இருந்தது. இக்காலக் கணக்கில் அது 54 கிலோவுக்குச் சற்று அதிகம். தூண்டிலில் அகப்பட்ட மஹசீர்களில் மிகப் பெரியதென்று இன்றளவும் சொல்லப்படுவது அதுவே. நஞ்சன்கூட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் பாலத்தைத் தாண்டும்போது பார்க்கும் கபினி நீரில் ஒரு காலத்தில் ஒரு மனிதன் எடைக்கு மீன்கள் உலவின என்பதை இன்று நம் குழந்தைகள் நம்பமாட்டார்கள்.

அக்காலத்தில் பிடித்த மீனை விடுவது என்ற எண்ணமே அரிது. பிடித்ததைத் தராசில் தொங்கவிடுவது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது, பிறகு முகாமில் உள்ளவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது என்பதே வழக்கம். ஆறு வற்றாத களஞ்சியம் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். இதற்கிடையில் ஆற்றின் நிலைமையும் மாறிவந்தது. 1911இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜசாகர அணை, 1934இல் முடிந்த மேட்டூர் அணை, 1974இல் முடிந்த கபினி அணை ஆகியவை நம்முடைய வயல்களுக்கும் விளக்குகளுக்கும் உதவின. அதே சமயம், முட்டையிட மேலேறும் மீனுக்குக் கதவை அடைத்தன. கல் உடைக்கும் வெடியை மடுவில் எறிந்து, மிதக்கும் மீனை அள்ளும் பழக்கமும் பரவிற்று. வெடிக்குப் பெரியதும் தெரியாது, சிறியதும் தெரியாது. குஞ்சு முதல் கிழம் வரை எல்லாம் மிதக்கும். தூண்டிற்காரன் ஒருவன் வாழ்நாள் முழுதும் செய்யக்கூடிய சேதத்தை வெடி ஒரு நிமிஷத்தில் செய்துவிடும்.

விடுவிக்கும் வழக்கம் வந்த வகை

காவிரியில் பெருமீன் அற்றுப்போயிற்று என்று பலர் முடிவுகட்டியிருந்த வேளையில், 1970களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் சிலர் இங்கே பெரிய மஹசீர்களைப் பிடித்துக் காட்டினர். செய்தி உலகெங்கும் பரவிற்று. 1972இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் சில பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பின்னர் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம், சிவசமுத்திரத்துக்கும் மேகேதாட்டுக்கும் இடைப்பட்ட காட்டில், பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாகளி ஆகிய இடங்களில் தூண்டிற்காரர் முகாம்களை நடத்திற்று. அங்கே ஒரே விதி: அகப்பட்ட மஹசீரை எடைபார்த்துவிட்டு உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

அன்பரின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடையின் முதற்பாதி இருக்கிறது. விடுவதாயிருந்தால் பிடிப்பானேன் என்றால், பிடிக்க வருகிறவன் பணம் கொண்டு வருகிறான். பரிசல் தள்ளுகிறவன், களியுருண்டை பிடிக்கிறவன், சமையற்காரன், இரவுக் காவற்காரன் ஆகிய பலருக்கு அந்தப் பணத்தில் கூலி கிடைத்தது. முன்பு வலையும் வெடியும் கொண்டு மீனை அள்ளியவர்களே முகாமில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்ந்தனர். கொன்ற மீன் ஒருநாள் சந்தை விலையோடு தீர்ந்துபோகும். விட்ட மீனோ அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கூலி கொடுக்கும். மீன் உயிரோடிருப்பதில் தனக்கு லாபம் உண்டென்று கரையில் வாழ்கிறவன் கண்டுகொண்ட பிறகே, வெடிச் சத்தம் அந்தப் பகுதியில் குறைந்தது. ஊருக்கு உபதேசம் செய்து சாதிக்க முடியாததை ஒரு சம்பளச் சீட்டு சாதித்தது.

பதிவேடு சொன்ன உண்மை

கதை இத்துடன் முடிந்திருந்தால் "பிடி, விடு, சுபம்" என்று நாமும் முடித்திருப்போம். ஆனால் கலிபோரே முகாமில் இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. யார், எந்நாள், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், என்ன எடை என்று ஒவ்வொரு மீனையும் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை 15 ஆண்டுக் கணக்கு அது. 23,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட தூண்டில் வேலையும், 6,000க்கு மேற்பட்ட மஹசீர்களும் அதில் பதிவாகியிருந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த அட்ரியன் பிண்டரும், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும், அவர்களுடைய துணைவர்களும் இந்தக் கணக்கை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர்.

மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு மகிழ்ச்சி தந்தது. ஆண்டுக்கு ஆண்டு, ஒரு மணி நேரத்துக்கு அகப்படும் மஹசீரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. காவலும் விடுவிப்பும் பலன் தந்தன என்று இதற்குப் பொருள். ஆனால் அடுத்த பத்தியில் சராசரி எடை இறங்கியிருந்தது. பிறகு இனவாரியாகப் பிரித்துக் கூட்டியபோது உண்மை வெளியாயிற்று. ஏறிய எண்ணிக்கை முழுதும் நீலத்துடுப்பு மஹசீருடையது. காவிரிக்கே உரிய திமில் மஹசீரோ வரவரக் குறைந்து, அரிதினும் அரிதாகிவிட்டது. கடைசி ஆண்டுகளில் அகப்பட்ட சிலவும் பெரும்பாலும் வயதான பெரிய மீன்கள். இளம் மீன்களைக் காணோம். கிழவர்கள் மட்டும் எஞ்சித் தொட்டில் ஆடாத ஊர் போல ஆகிவிட்டது அந்த இனம்.

கிருஷ்ணா நதியின் மீன் காவிரிக்கு எப்படி வந்தது? மனிதர் கொண்டுவந்து விட்டனர். மஹராஷ்டிரத்தில் லோணாவளாவில் உள்ள டாட்டா மின்சார நிறுவனத்தின் பண்ணையில் நீலத்துடுப்பு மஹசீரைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்வதில் பெரும் வெற்றி கிட்டியது. அந்தக் குஞ்சுகள் 1970களிலிருந்து பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குப் போயின, காவிரியிலும் விடப்பட்டன. மஹசீர் குறைந்துவிட்டது, மஹசீரை விட்டு நிரப்புவோம் என்பதே எல்லாருடைய எண்ணமும். நல்லெண்ணத்தில் குறையில்லை. எல்லா மஹசீரும் ஒன்றே என்று கொண்டதில்தான் குறை. திமில் மஹசீரின் வீழ்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அணையும், வெடியும், மணற்கொள்ளையும், நீரின் அசுத்தமும் கூடவே நின்றன.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். நூறாண்டுக்கு மேலாக உலகப் புகழ் பெற்றிருந்த இந்தத் திமில் மஹசீருக்கு உறுதியான விஞ்ஞானப் பெயர் ஒன்று 2018 வரையில் இல்லை. கேரளத்துச் சின்னார்க் காட்டில் ஓடும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மஹசீருக்கு, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவி அம்மையாரின் பெயரை முன்பே சூட்டியிருந்தனர். பாம்பாறு அமராவதியோடு கலந்து காவிரிக்கு வருவது. அந்த மீனும் காவிரியின் திமில் மஹசீரும் ஒன்றே என்று 2018இல் நிலைநாட்டப்பட்டது. அதே ஆண்டில், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிகவும் அபாய நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. பெயர் சூட்டு விழாவும் மரணப் படுக்கையும் ஒரே ஆண்டில் வாய்த்தன. நீலகிரியிலிருந்து இறங்கிப் பவானிசாகருக்குப் போகும் மோயாறுதான் இன்று அதற்கு எஞ்சியுள்ள முக்கியமான புகலிடம்.

கணக்கெழுதும் தொழிலில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மூட்டைகளின் எண்ணிக்கை சீட்டோடு ஒத்திருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு சரக்கு இருக்கும். மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்தியடைகிறவன் கடைசியில் ஏமாறுவான். கலிபோரேயில் மீனை விட்டதோடு நிற்காமல் எழுதியும் வைத்ததனால்தான், காவிரியின் சொந்த மீன் போய்க்கொண்டிருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. விடுவிப்பதன் மிகப் பெரிய பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம். சுவரில் மாட்டிய மீன் ஒரு மனிதனின் பெருமையை மட்டும் சொல்லும். எழுதி விட்ட மீன் ஆற்றின் நிலைமையைச் சொல்லும்.

வேற்றாற்று மீன் வந்து சொந்த மீன் நலிந்தது என்ற செய்தி, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்குச் சிறிது தைக்கத்தான் செய்யும். இதை மனிதர்மேல் ஏற்றிப் பேச நினைப்பாரும் இருக்கக்கூடும். அது சற்றும் பொருந்தாத உவமை. கிருஷ்ணாவின் மீனும் காவிரியின் மீனும் இரண்டு இனங்கள். மனிதர் எங்கிருந்தாலும் ஓரினமே. மேலும் அந்த மீன் தானாக வரவில்லை. பேசத் தெரியாத அதைப் பண்ணையில் பொரித்து வண்டியிலேற்றிக் கொண்டுவந்து கொட்டினர். நாமோ உழைப்பை நம்பி வந்து, இந்த மண்ணின் மொழியைக் கற்று, அண்டை வீட்டாரோடு பண்டம் மாற்றி வாழ்கிறவர்கள். மீனிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறு: வந்த இடத்தின் ஆற்றை நம் ஆறாகப் பேண வேண்டும் என்பதே. காவிரி விஷயத்தில் அது எளிது. இங்கே ஓடுவதும் நம் பாட்டன் வயலுக்குப் பாய்ந்ததும் ஒரே நீர்தான்.

தடை வந்த பிறகு

அந்த முகாம்கள் இருந்த காடு 1987இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் உயிரினங்களைத் துன்புறுத்தலாகாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், 2010களின் தொடக்கத்தில் அங்கே தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டது. முகாம்கள் இன்று காட்டையும் ஆற்றையும் பார்த்து மகிழ வருவோர் தங்கும் இடங்களாக நடக்கின்றன.

இதில் இரு கட்சிகள் உண்டு. ஏழையின் வலையைத் தடுத்துவிட்டுப் பணக்காரனின் தூண்டிலை அனுமதிப்பது எந்த நீதி என்பது ஒரு கட்சி. தூண்டிற்காரர்கள் போனதும் அவர்கள் பணத்தில் நின்ற காவலும் போய்விடும், ஆளில்லாத ஆற்றில் வெடிக்காரன் புகுவான் என்பது மறு கட்சி. ராகவனும் பிண்டரும் 2013இல் இந்த இரண்டாம் கட்சியை எடுத்துக் கூறினர். நமக்கு இரண்டிலும் நியாயம் தென்படுகிறது. தடை போடுவது சர்க்காரின் உரிமை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தடை என்பது பலகையில் எழுதிய எழுத்து. பலகை இரவில் கண் விழித்திருப்பதில்லை. முன்பு தூண்டிற்காரன் கொடுத்த கூலியில் விழித்திருந்தவனுக்கு வேறு வழியில் கூலி கொடுத்து விழித்திருக்கச் செய்வதும் தடை போட்டவர்களின் கடமையாகும்.

மீனுக்கு நோகாதா?

இன்னொரு ஆட்சேபத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உண்ணும் எண்ணமே இல்லாமல், விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டி இழுத்து, பிறகு கருணை செய்வதுபோல் விடுவது எந்தத் தர்மம்? ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே கேட்டிருக்கிறார்கள். விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை ஸ்விட்ஸர்லாந்து 2009 முதல் தடுத்துவிட்டது. ஜெர்மனியிலும், தக்க காரணமின்றி ஒரு பிராணிக்கு நோவு உண்டாக்கலாகாது என்ற சட்டம் இருப்பதால், பிடித்தவன் உண்பதற்கே பிடித்திருக்க வேண்டும் என்று கொள்ளப்படுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமோ விடுவதே கண்ணியம் என்பார்கள். அறிவாளிகளிடையே கூட ஒருமித்த அபிப்பிராயம் இல்லை என்பது இதனால் தெரிகிறது.

விட்ட மீன் எல்லாம் பிழைத்துவிடும் என்றும் நினைக்கலாகாது. நெடுநேரம் இழுபட்டுக் களைத்த மீனின் இரத்தத்தில் நச்சுப்புளிப்பு சேர்கிறது. கோடையில் சூடான நீரில் பிராணவாயு குறைவாதலால் அது தேறுவது கடினம். உலர்ந்த கையால் தொட்டால், நோயைத் தடுக்கும் வழவழப்பான மேற்படலம் கழன்றுவிடும். செவுளைப் பிடித்துத் தூக்கினாலும், பெரிய மீனைத் தாடையில் தொங்கவிட்டாலும் உள்ளுறுப்புகள் சிதையும். படம் எடுப்பதற்காக நீருக்கு வெளியே வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதற்கு நாம் மூச்சடக்கி ஓடும் நிமிஷத்தைப் போன்றது. ஆகவே விடுவதற்கும் ஒரு முறை உண்டு. எதிர்முள் இல்லாத தூண்டில் வேண்டும். விரைவில் கரைசேர்க்க வேண்டும். நீரிலேயே வைத்து, நனைந்த கையால் முள்ளை எடுத்து, தலை நீரோட்டத்தை நோக்கியிருக்கும்படி தாங்கிப்பிடித்து, அது தானாக வாலை வீசிப் புறப்படும் வரை பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவன் விடுவது பெயரளவுக்குத்தான்.

நம் நாட்டு மக்கள் இதற்கு மூன்றாவது வழி ஒன்றையும் அறிந்திருந்தனர்: பிடிக்கவே வேண்டாம், பொரி போட்டுப் பார்த்து மகிழலாம் என்பது அது. மைசூருக்கு மேற்கே, ஹாசன் மாவட்டத்து ராமநாதபுராவில், கோயிலை ஒட்டிய காவிரித் துறையில் மீன் பிடிக்கலாகாது. சிருங்கேரியில் துங்கா நதிப் படித்துறையில் மஹசீர்கள் பக்தர்களின் கையருகே வந்து மொய்க்கின்றன. தாமிரபரணிக் கரையில் பாபநாசம் கோயில் துறையின் மீன்களை நம்மில் திருநெல்வேலிச் சீமையார் நன்கு அறிவர். சட்டமும் சம்பளமும் வருமுன்னரே பக்தி ஒரு காவலாக நின்றது. ஆனால் கோயில் துறை ஆற்றில் சில முழ நீளந்தான். மற்ற நீளத்துக்கு மனிதனின் விவேகமே காவல்.

நாம் செய்யத்தக்கவை

இனி அன்பருக்கு நம்முடைய விடையைச் சொல்கிறோம். உண்பதற்காகப் பிடித்த மீனை உண்பதில் குற்றமில்லை. பசிக்குப் பிடிப்பவனை விளையாட்டுக்குப் பிடிப்பவன் இழிவாகப் பேசுவது அழகும் அல்ல. ஆனால் எல்லா மீனும் ஒன்றல்ல. எது எந்த மீன் என்று தெரிந்துகொள்வதே தூண்டிற்காரனுக்கு முதற்படிப்பு.

மஹசீர் எதுவாயினும், சிறிதாயினும் பெரிதாயினும், விட்டுவிட வேண்டும். திமில் மஹசீரையும் நீலத்துடுப்பையும் கரையில் நின்று பிரித்தறிவது எல்லாராலும் ஆகாது; ஐயம் வந்தால் விடுவதே முறை. பிள்ளை சொல்வது இந்த மீனைப் பொறுத்தவரை முற்றிலும் சரி.

ஜிலேபிக் கெண்டை கிடைத்தால் மகிழ்ச்சியாக வீட்டுக்குக் கொண்டுவரலாம். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் குளங்களில் மண்டிப்போன மீன். அதை விடுவதில் ஆற்றுக்கு யாதொரு நன்மையும் இல்லை. கட்லாவும் ரோகுவும் பண்ணைகளில் ஏராளமாக வளர்கின்றன; குழம்புக்கு அவை போதும்.

விராலைப் பிடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் சுழன்றால், கீழே தாயும் தந்தையும் காவலிருக்கின்றன என்று பொருள். அந்த இடத்தில் தூண்டிலை எறிபவன் ஒரு மீனைப் பிடிக்கவில்லை, ஒரு குடும்பத்தை அழிக்கிறான்.

சரணாலயங்களிலும், ரங்கனதிட்டுப் பறவைக் காப்பிடத்திலும் தூண்டில் போடலாகாது. மற்ற இடங்களில் மீன்வளத் துறையின் அனுமதி விதிகள் யாவை என்று விசாரித்துக்கொண்டே போக வேண்டும். டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறுவது எப்படியோ, அனுமதியின்றித் தூண்டில் போடுவதும் அப்படியே.

தூண்டில் போடாத வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அலங்கார மீன்களை, ஊர் மாறும்போதோ சலித்துப்போனபோதோ, புண்ணியம் என்று கருதி ஏரியிலும் ஆற்றிலும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயை செய்து விட வேண்டாம். வளர்க்க முன்வரும் வேறொரு வீட்டுக்குக் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு தவறான ஆற்றில் விடப்பட்ட மீன் என்ன செய்யும் என்பதற்குக் காவிரியின் கதையே சாட்சி.

கடைசியாக, எழுதி வையுங்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இடம், மீனின் பெயர், நீளம், விட்டதா வைத்துக்கொண்டதா என்று ஐந்து பத்திகள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்தால் அவர்களுக்கும் மீன்களின் பெயர் தெரியும். பத்தாண்டு கழித்து அந்த நோட்டுப் புத்தகத்தில், விட்ட மீன்களைவிட மதிப்பான செய்தி இருக்கக்கூடும்.

ஆடிப் பெருக்கன்று காவிரி கருவுற்றிருப்பதாகப் பாவித்துச் சித்திரான்னம் படைத்து வழிபடுவது நம் பெண்மணிகளின் வழக்கம். அந்த வெள்ளக் காலம் ஆற்று மீன்கள் பலவும் முட்டையிடும் காலம் என்பதை நினைத்துப் பார்த்தால், முன்னோரின் பாவனை வெறும் கற்பனை அல்ல என்பது புலப்படும். அந்த மாதங்களிலாவது தூண்டிலைச் சுருட்டிப் பரணில் வைத்துவிடுமாறு நமது சங்கத்துக் குடும்பங்கள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.